லாபம், ரெண்டு, மூணு

ஐந்துதான் போட்டிருப்பேன். ஐந்து சிரட்டை உப்பு. கை ஐந்தில் தானாக நின்றுவிடும், இன்றைக்கும் நின்றது, அஞ்சு என்று மனசுக்குள் சொல்லித்தான் கடைசிச் சிரட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் கவிழ்த்தேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அஞ்சுக்கு முன்னால் இருக்கிறது. அஞ்சுக்கு முன்னால் நாலு, நாலுக்கு முன்னால் மூணு, மூணுக்கு முன்னால் ரெண்டு, ரெண்டுக்கு முன்னால் லாபம். ஒன்று என்று எங்கள் வீட்டில் சொல்வதில்லை. அப்பா களத்தில் நெல் அளக்கிறவராக இருந்தார், முதல் மரக்காலுக்கு லாபம் என்பார், பிறகுதான் ரெண்டு, மூணு. எனக்கும் அதுவே ஊறிவிட்டது. பீடி சுற்றிய முப்பத்தொரு வருஷமும் கட்டுகளை அப்படித்தான் எண்ணினேன், கட்டுக்கு இருபத்தைந்து பீடி, ஒரு நாளும் இருபத்துநாலு வந்ததில்லை. இப்போது ஆறு வருஷமாக இந்தக் கொட்டகையில் கூழ்வற்றலுக்கு உப்புப் போடுகிறேன். அண்டாவுக்கு எட்டுக் கிலோ அரிசியின் மாவு, அதற்கு உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் தேங்காய்ச் சிரட்டையில் தலைதட்டி ஐந்து உப்பு. இதில் தப்பு வர என்ன இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அந்த லாபத்தைச் சொன்னது நானா ஆவுடைத்தங்கமா என்று தெரியவில்லை. ஆவுடை எங்கள் குழுவின் தலைவி, என்னைச் சித்தி என்பாள். வாசல் பக்கம் நின்று டவுன் மெஸ்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அண்டாவின் மேல் குனிந்து போட்டுக்கொண்டிருந்தேன், ஒன்று போட்டிருப்பேன், அல்லது இரண்டு, அல்லது மூன்று, அப்போது என் முதுகுக்குப் பின்னால் அவள், "அப்படிப் பாத்தா எங்களுக்கு என்னண்ணே லாபம்" என்றாள். லாபம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை ஒரு குலுங்கு குலுங்கியது, கொஞ்சம் உப்பு சிதறிக் காலில் விழுந்து குதிகால் வெடிப்பில் சுரீரென்று எரிந்தது, மனசு அது பாட்டுக்கு ரெண்டு என்று தொடர்ந்தது, கையும் தொடர்ந்தது, மூணு, நாலு, அஞ்சு. சிரட்டையைச் சாக்கின் மேல் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நிதானமாகப் பார்க்க வேண்டும். அவள் லாபம் என்றது என்னுடைய முதல் சிரட்டைக்குப் பின்னால் என்றால் பிழையே இல்லை, அந்த ஒன்றும் பிறகு போட்ட நாலும் ஐந்து. இரண்டாவதுக்குப் பின்னால் என்றால் ஆறு. மூன்றாவதுக்குப் பின்னால் என்றால் ஏழு. நாலாவதுக்குப் பின்னால் என்றால், வேண்டாம், அப்படி இருக்காது. எந்தச் சிரட்டையில் குதிகால் எரிந்தது என்று தெரிந்தால் போதும். இப்போதும் எரிகிறது. எரிச்சல் எத்தனையாவது என்று சொல்லாது. ஆறு இருபது பஸ் எப்போது போனது, ஹாரன் கேட்டது, கேட்டபோது கையில் சிரட்டை இருந்ததா, உப்பு இருந்ததா. கேட்டது நேற்றைய ஹாரனோ. சாக்கைப் பார்க்கலாம் என்றால் சாக்கு செவ்வாய்க்கிழமை பிரித்தது, செவ்வாய் ஐந்தும் ஐந்தும், வியாழன் ஐந்தும் ஐந்தும், அது எனக்குத் தெரியும், ஆனால் நடுவில் எங்களோடு வேலை செய்கிற வெள்ளத்தாய் எலுமிச்சங்காய் ஊறுகாய்க்கு அள்ளிக்கொண்டு போனாள், எவ்வளவு என்று கேட்டதற்கு, "ரெண்டு கை மைனி, என் கையா உங்க கையான்னு கேக்காதீய" என்று சிரித்தாள். ஆகையால் சாக்கும் ஒன்றும் சொல்லாது. வெள்ளத்தாய் இதோ எனக்கு எதிரே நின்று துடுப்புப் போடுகிறாள். மாவைக் கரைத்து ஊற்றியாயிற்று. நான் யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவள் ஊற்றிவிட்டாள், ஊற்றாதே என்று சொல்ல வாய் திறந்தேன், சொல்லவில்லை, ஏன் என்று கேட்பாளே. தண்ணீராக இருந்தபோது கொஞ்சம் வெளியே எடுத்து வேறு தண்ணீர் சேர்த்திருக்கலாம். இப்போது அது கூழாகிக்கொண்டு வருகிறது, குமிழ் வெடித்து வெடித்து, தொப் தொப் என்று. இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு ஒவ்வொரு தொப்பும் எண்ணுகிற மாதிரி இருக்கிறது.

ஒரு துளி வாயில் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். எனக்கு அதுதான் இல்லை. மார்கழியில் ஒன்பது நாள் காய்ச்சல் வந்தது, பத்தாம் நாள் எழுந்து காப்பி குடித்தேன், வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. சீனி சரியில்லை என்று கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன், நான் யாரிடமும் போய் எதுவும் சொல்கிறவள் இல்லை, அன்றைக்குச் சொன்னேன், அவர் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு ஒரு உப்புக்கல்லை நாக்கில் வைத்தேன். சரளைக்கல் மாதிரி கிடந்தது. புளி, கூழாங்கல். மிளகாய் மட்டும் எரிந்தது, எரிந்தது தவிர வேறு ஒன்றும் இல்லை. பத்து நாளில் வந்துவிடும் என்று இருந்தேன், மாசி வந்தது, பங்குனி வந்தது, சித்திரையும் பாதி ஆயிற்று. நாலு மாசமாக இந்தக் கொட்டகையில் ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு வாய் கூழை வாங்கி வாயில் போட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, "சரி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய் இல்லை. ஐந்து போட்டேன் என்று தெரியும், ஐந்து போட்டால் சரியாக இருக்கும் என்று தெரியும், ஆகையால் சரி. நாக்கு சொல்லவில்லை, எண்ணிக்கை சொல்லிற்று, யார் சொன்னால் என்ன. இன்றைக்கு எண்ணிக்கையும் இல்லை.

சூடு முகத்தில் அடிக்கிறது. கொட்டகையை ஒட்டிய வீட்டு மொட்டை மாடியிலிருந்து பகவதி, "ஆச்சா?" என்று கத்துகிறாள். அவளும் இன்னொருத்தியும் வெள்ளை வேட்டிகளைத் தண்ணீரில் நனைத்து விரித்துக் காத்திருக்கிறார்கள், வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடித்தால்தான் வற்றல் சாயங்காலத்துக்குள் வேட்டியை விட்டு உரியும். வெள்ளத்தாய்தான் பதில் சொன்னாள், கீழேயிருந்து, "ஆகும்போது ஆகும்ட்டி, நீ என்ன பஸ்ஸுக்கா நிக்க?" என்று. சொல்லிவிட்டு இருமினாள். பீடி இருமல், புகையிலைத் தூள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது, எனக்கு இல்லை, அவளுக்கு இருக்கிறது, இந்த ஆறு வருஷத்தில் பாதி குறைந்திருக்கிறது. வற்றல் வேலை இல்லாத மழை மாசங்களில் மறுபடியும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள், மறுபடி இருமுவாள். மெஸ்காரர் இரண்டு மாசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பார்த்தார், இப்போது நாற்பது கிலோ கேட்டிருக்கிறார், இன்றைக்கு முதல் இரண்டு அண்டா. ஆவுடை போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள், முகம் நிறைந்திருந்தது. வருஷம் முழுக்க எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம், மழைக்காலத்துக்கும் சேர்த்து இப்போதே காயவைத்துக் கொடுத்தால் போதுமாம், ஆனால் இந்த நாற்பதையும் பார்த்துவிட்டுத்தான் கடைசிச் சொல் சொல்வாராம். "இந்த ஒரு தடவை நல்லா வந்துட்டாப் போதும் சித்தி. பீடித்தட்டை நம்ம எல்லாருமே இந்த அடுப்புல வச்சிரலாம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எத்தனை தடவை ஆட்டினேன் என்று தெரியவில்லை, அவள் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்த மாதிரி இருந்தது.

நீ எப்போது லாபம் என்றாய் என்று அவளிடம் கேட்கலாம். கேட்டால் அவளுக்கு என்ன தெரியும். நான் எத்தனையாவதில் இருந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும், நான்தான் வாய்விட்டு எண்ணுவதில்லையே. அப்பா எண்ணினால் தெருமுனைக்குக் கேட்கும். லாபம் என்று நீட்டி ஆரம்பிப்பார், ரெண்டேய் ரெண்டு, மூணேய் மூணு என்று ஒவ்வொன்றையும் அடுத்தது வரும்வரை இழுத்துக்கொண்டே இருப்பார், நடுவில் அவர் தும்மினால்கூடக் களத்தில் நிற்கிற நாலு பேரும் அவர் விட்ட எண்ணை எடுத்துக் கொடுப்பார்கள். அளக்கும்போது வேறு பேச்சுப் பேசக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்தச் சத்தம் வெட்கமாக இருக்கும், அப்பா ஏன் இப்படிக் கத்துகிறார் என்று பாவாடையை வாயில் கடித்துக்கொண்டு நிற்பேன், அவரிடமிருந்து எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டேன், சத்தத்தை விட்டுவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், பள்ளிக்கூடத்திலும் வாய்ப்பாட்டை உதடு மட்டும் அசைத்துத்தான் சொன்னேன், டீச்சர் நான் சொல்லவில்லை என்று நினைத்து அடித்தார். இப்போது யார் வந்து எனக்கு எடுத்துக் கொடுப்பார்கள். மூணு என்று நினைத்த ஞாபகம் இரண்டு தடவை இருக்கிறது. இல்லை, அதுவும் நான் இப்போது இத்தனை நேரம் மூணு மூணு என்று நினைத்ததில் வந்த ஞாபகமாக இருக்கலாம். முப்பிடாதி அக்கா இப்படித்தான் ஆரம்பித்தாள். என்னுடன் பிறந்தவள், என்னைவிட நாலு வயது மூத்தவள். முதலில் பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாள், ஒரு தடவை, பிறகு இரண்டு, பிறகு மூன்று. பிறகு குழம்பில் உப்பு இரண்டு தடவை விழ ஆரம்பித்தது, எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ யார் வீட்டுப் பிள்ளை, சாப்பிட்டாயா என்று கேட்டாள். நான் சாப்பிட்டேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல. அவளுக்கு அப்போது அறுபத்தாறு. எனக்கு ஆவணி வந்தால் அறுபத்துநாலு. இல்லை, இது அது இல்லை, இது பக்கத்தில் ஒருத்தி அந்தச் சொல்லைச் சொன்னதால் வந்தது. எவர் காதிலும் விழும். ஆனால் எவருக்கும் லாபம் என்றால் ஒன்று இல்லையே, எனக்குத்தானே.

நாக்கு விஷயத்தை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முதல் வருஷம் நாங்கள் ஐந்து பேரும் ருசி பார்ப்போம், ஐந்து நாக்கு. ஒருத்தி குறைவு என்பாள், ஒரு கை போடுவாள், அவள் போட்டது தெரியாமல் அடுத்தவள் வந்து ஒரு கை போடுவாள். அந்த வற்றலை வறுத்துப் போட்டால் கோழிகூடக் கொத்திப் பார்த்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனது. அன்றைக்கு ஆவுடை, இனிமேல் இந்தக் கொட்டகையில் ஒரே நாக்குத்தான், சித்தி நாக்கு, மற்றவர்கள் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் சரி என்றார்கள். எனக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. கல்யாணம் ஆகி வந்த வீட்டிலும் சரி, பீடிக் கடையிலும் சரி, என் நாக்கை யாரும் எதற்கும் கேட்டதில்லை. இங்கே நாலு பேர் அடுப்பைச் சுற்றி நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். சரி. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மைல் நடந்து வருவேன். அது போய்விட்டது என்று சொன்னால் எனக்கு இங்கே என்ன வேலை, துடுப்புப் போடத் தோளில் பலம் இல்லை, மாடி ஏற முழங்கால் விடாது.

வெள்ளத்தாய் ஈரக்கையால் கூழைத் தொட்டுப் பார்த்தாள், ஒட்டவில்லை, வெந்துவிட்டது. அரைத்த மிளகாயையும் சீரகத்தையும் போட்டுக் கிளறினாள். அடுத்த அடுப்பில் இரண்டாவது அண்டாவின் தண்ணீர் ஆவி விட ஆரம்பித்திருக்கிறது, அதற்கும் நான்தான் உப்புப் போட வேண்டும். வெள்ளத்தாய் வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி கூழை வைத்து ஊதி ஊதி என்னிடம் கொண்டுவந்தாள். "என்ன மைனி, இன்னிக்குச் சாமி வந்த மாதிரி நிக்கீய? இந்தாங்க, வாய்ல போட்டு வரம் குடுங்க" என்றாள். ஆவுடையும் வற்றல் பிழிகிற நாழிகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன். சூடு தெரிந்தது. வழவழப்புத் தெரிந்தது. மிளகாய் நுனியில் எரிந்தது. அதற்குப் பின்னால் தேடினேன், இருட்டு வீட்டில் தீப்பெட்டியைத் தடவுகிற மாதிரி நாக்கை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் புரட்டித் தேடினேன், எங்கேயோ ஒரு ஓரத்தில் கரித்த மாதிரி இருந்தது, உப்பா, அல்லது உப்பு அதிகமாக இருக்குமோ என்ற பயமா, பயத்துக்கும் கரிப்பு உண்டா. சரி என்று சொல்லிவிடலாம். ஐந்தாகவே இருக்கலாமே. ஐந்துக்கு ஒரு வழி, ஆறுக்கு ஒரு வழி, ஏழுக்கு ஒரு வழி, மூன்றில் ஒரு வழி நல்ல வழி. மூன்றில் ஒன்றை நம்பி நான் இதுவரை எதையாவது செய்திருக்கிறேனா. ஆறாக இருந்தாலும் சோற்றோடு தின்றால் தெரியாது. தெரியும். காயக் காய உப்பு ஏறும், கூழில் பாதி உப்புத் தெரிந்தால்தான் வற்றலில் முழு உப்பு, நான்தானே இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மெஸ்ஸில் எவனோ ஒருவன் கடித்துவிட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளுவான். வெள்ளத்தாய் மழைக்காலத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருமுவாள். சரி. அந்தச் சொல் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது, நாலு மாசமாக அது வருகிற இடம், வழி அதற்குத் தெரியும். கூழை விழுங்கினேன்.

"வெள்ளத்தாயி, நீ கொஞ்சம் வாய்ல போட்டுப் பாரு" என்றேன்.

இலையைக் கொடுத்துவிட்டு மறுபடி துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். ஆறு வருஷத்தில் நான் இப்படிச் சொன்னதில்லை. ஆவுடையைப் பார்த்தாள், ஆவுடை என்னைப் பார்த்தாள். பிறகு துடுப்பின் நுனியில் இருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தேன். தொண்டை அசையவில்லை. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"மைனி, இது கூழா கடலா?"

ஆவுடை ஓடி வந்து தானும் ஒரு விரல் வைத்துப் பார்த்தாள். முந்தானையால் உதட்டைத் துடைத்தாள். அப்புறம்தான் கேட்டாள், உங்களுக்கு எப்படி இது தெரியாமல் போச்சு என்று, கோபமாக இல்லை, கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. லாபத்தில் ஆரம்பித்தால் அவள்மேல் பழி போடுகிற மாதிரி ஆகும். "எனக்கு நாக்குச் செத்துப்போச்சு ஆவுடை. மார்கழிலேர்ந்து" என்றேன். சொன்ன பிறகு, அதைச் சொன்னதும் அதே நாக்குத்தான் என்று ஒரு சம்பந்தமில்லாத நினைப்பு ஓடியது.

வெள்ளத்தாய்தான் முதலில் வாய் திறந்தாள். "நாலு மாசமா வெளிய சொல்லாம வயித்துல வச்சிருக்கீயளே மைனி. பிள்ளைன்னாலும் இந்நேரம் வயிறு தெரிஞ்சிருக்கும்லா" என்றாள். ஆவுடைக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியானால் இரண்டு மாசமாக மெஸ்காரர் நன்றாக இருக்கிறது, ஒரே மாதிரி இருக்கிறது என்று சொன்னதெல்லாம் என்ன என்று கேட்டாள். அது எண்ணிக்கை என்றேன். இன்றைக்கு என்ன ஆச்சு என்றாள். இன்றைக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு, ஆறோ ஏழோ தெரியவில்லை என்றேன். எதனால் என்று சொல்லவில்லை. அவள் இடுப்பில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், என் சொல்லைக் கேட்டு இல்லை, மெஸ்காரருக்கு என்ன சொல்வது என்று நினைத்திருப்பாள், எனக்குத்தான் திக்கென்றது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா சித்தி" என்றாள். ஆமாம் என்றேன். மாடியிலிருந்து பகவதி மறுபடியும், "ஆச்சா?" என்றாள்.

அப்போது இரண்டாவது அண்டாவின் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது, அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது, காலையிலிருந்து தெரிந்த முதல் தெளிவான விஷயம். இரண்டு அண்டாவுக்கும் சேர்த்துப் பத்துச் சிரட்டை. இதில் என்ன விழுந்திருக்கிறதோ விழுந்திருக்கட்டும். அதில் உப்பே போடாமல் வேகவைத்து இதில் கொட்டிக் கலந்தால் மீதி என்ன வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளலாம். நாங்கள் அண்டாவில் பாதிக்கு மேல் வைப்பதில்லை, துடுப்பு ஓடாது என்று, ஆகையால் இடம் இருக்கிறது. சொன்னேன். ஆவுடை ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் புடவையை ஏற்றிச் செருகினாள். மாவை ஊற்றினார்கள், வெந்தது, வாளி வாளியாக மொண்டு முதல் அண்டாவில் கொட்டினார்கள், இரண்டு துடுப்புப் போட்டு இரண்டு பேரும் எதிர் எதிரே நின்று கிளறினார்கள், வெள்ளத்தாய் மூச்சு வாங்கினாள், இருமவில்லை. எவ்வளவு போடணும் என்று ஆவுடை கேட்டாள். எனக்குத் தெரியாது, ஏழு விழுந்திருந்தால் இன்னும் மூணு, ஆறு என்றால் நாலு, வெள்ளத்தாய் நாக்கில் வைத்துச் சொல்லட்டும், கூழில் பாதி உப்புத் தெரிந்தால் நிறுத்தச் சொல்லட்டும் என்றேன். வெள்ளத்தாய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து நின்றாள். "சொல்லுதேன். ஆனா நீங்க வாய்க்குள்ள முணங்கப்படாது மைனி. எங்க காதுல விழணும்" என்றாள்.

சிரட்டையில் உப்பை அள்ளித் தலைதட்டினேன், கிண்ணத்து வெந்நீரில் கரைத்தேன். வாய் திறந்தால் சத்தம் வருமா என்று தெரியவில்லை. "லாபம்" என்றேன். அது என் குரல் மாதிரி இல்லை, கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அதே நேரத்தில் ஆவுடையின் இடுப்பில் போன் அடித்தது. அவள் எடுத்துப் பார்த்தாள், மெஸ்காரர்தான், எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் பேசப் போகிறாள், மறுபடியும் ஏதாவது ஒரு சொல் வரப்போகிறது என்று கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். அவள் போனின் வாயை அழுத்தி அடக்கிச் செருகிக்கொண்டு, "எண்ணுங்க சித்தி" என்றாள். ஊற்றினேன், கிளறினார்கள், வெள்ளத்தாய் விரலில் எடுத்து நாக்கில் வைத்து இன்னும் என்றாள். "ரெண்டு." இன்னும். "மூணு." இந்தத் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். மூணு என்றால் ஏழு. போதும் என்று சொல்லிவிட்டால் ஏழு என்று நான் தெரிந்துகொள்ளலாம், என் மூன்றாவது சிரட்டைக்குப் பின்னால்தான் ஆவுடை லாபம் என்றாள் என்று, இது அக்காவுக்கு வந்தது இல்லை என்று. வெள்ளத்தாய் கண்ணைத் திறந்தாள். "மைனி, இன்னும் ஒரே ஒரு கைப்பிடி. சின்னக் கைப்பிடி. உங்க கைல போடுங்க, என் கைல வேண்டாம்" என்றாள்.

போட்டேன். கரைந்தது. அவள் வாயில் வைத்துவிட்டு, "இது சரி" என்றாள், ஆவுடையும் அடுப்பை இழுத்து அணைக்கப் போய்விட்டாள், எலுமிச்சைச் சாறு விழுந்தது, எல்லாம் முடிந்தது, நான் மட்டும் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மூணும் ஒரு கைப்பிடியும். அப்படியென்றால் முதலில் விழுந்தது ஏழும் இல்லை, ஆறும் இல்லை. ஏழுக்கு ஒரு கைப்பிடி குறைவு. அப்படி ஒன்றை யாரும் எண்ண முடியாதே, தலைதட்டித்தானே போட்டேன், ஒவ்வொன்றையும் தலைதட்டித்தானே. வெள்ளத்தாயின் நாக்குப் பிசகியிருக்கும். அல்லது என் விரல். குதிகால் எரிந்தது, சொரியக் குனிந்தேன். கிழக்கு வாசலில் வெயில் உள்ளே வந்து அடுப்பு மேட்டின் அடிவரை படிந்திருந்தது. காலையில் அங்கே சாம்பல்தான் கிடந்தது, வெள்ளையாக, ஒன்றும் தெரியவில்லை. இப்போது அந்தச் சாம்பலில் ஒவ்வொரு உப்புக்கல்லாக மின்னுகிறது. கூட்டி எடுத்தால் ஒரு கைப்பிடி இருக்கும். சின்னக் கைப்பிடி.

"ஏழு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏழா? எட்டாகப் போவுது மைனி" என்றாள் வெள்ளத்தாய், கூழ் வாளியைத் தூக்கிக்கொண்டே. "வெயிலப் பாருங்க. நாழியை எடுங்க."